வானதியின் சகோதரி

தை அமாவாசைக்கு முந்தின நாள் மாலை, புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் நார்த்தாமலை விலக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஊரைக் கடந்து, மேலமலையின் அடிவாரத்துப் பாறைச் சரிவில் என் பேத்தியுடன் போய் அமர்ந்தபோது, பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தக் கல் இன்னும் வெளிவிட்டுக்கொண்டிருந்தது. கீரனூர்ப் பக்கத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் அடிவானத்தில் ஒரு வெளிறிய மஞ்சள் படர்ந்திருந்ததே தவிர, தலைக்கு மேலே ஆகாயம் சுத்தமான கறுப்பாக இருந்தது. கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தோம். இருளுக்குப் பழகிய கண் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு நொடியில் கெட்டுப்போகும். மறுபடி பழக அரை மணி நேரம் பிடிக்கும்.

மணி ஏழரை. மேற்கு வானில் பூரட்டாதியும் உத்திரட்டாதியும், நம் பெரியவர்கள் கட்டிற்கால் என்று சொல்லிவைத்தபடியே, நான்கு மூலைகளில் நான்கு நட்சத்திரங்களாய்ச் சாய்ந்து கிடந்தன. உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்திலிருந்து வடகிழக்காகச் சென்று, இரண்டாவதாக வரும் நட்சத்திரத்தில் நின்று, அங்கிருந்து வடமேற்காகத் திரும்பி, மங்கலான இரண்டு நட்சத்திரங்களைக் கடந்தால், ஊதிய சாம்பல்போல ஒரு புகைத்திட்டு தென்படும். “நேரா பாத்தா மறையுது தாத்தா” என்றாள் பேத்தி. “நேரா பாக்காத தாயி, கொஞ்சம் பக்கத்துல பாரு” என்றேன். மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான் நெருங்கியிருக்கின்றன. ஆகையால் கடைக்கண்ணுக்கே அது பிடிபடும். அவளுக்கும் பிடிபட்டது.

அந்தப் புகைத்திட்டுதான் ஆண்ட்ரோமெடா. வெறுங்கண்ணால் மனிதன் காணக்கூடியவற்றில் அநேகமாக மிகத் தொலைவில் உள்ள வஸ்து அதுவே. பாரசீக வானசாஸ்திரி அல்-சூஃபி 964-ஆம் ஆண்டையொட்டி எழுதிய நட்சத்திர நூலில் அதை ஒரு சிறு மேகம் என்று குறித்துவைத்தார். அதே நூற்றாண்டில்தான், நாங்கள் அமர்ந்திருந்த பாறைக்கு மேற்கே கொடும்பாளூரில், இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி மூவர் கோவிலை எழுப்பினான். அந்த மேகம் நம் நட்சத்திரக் கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கும் வாயுத்திரளா, அல்லது நம்முடையதைப் போன்ற மற்றொரு கூட்டமா என்பது அதற்கப்புறம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு தீராத கேள்வியாகவே இருந்தது. ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களின் துடிப்பு நேரத்தைக் கொண்டே அவற்றின் உண்மைப் பிரகாசத்தை அறியலாம் என்பதை ஹென்ரியெட்டா லெவிட் என்ற அம்மையார் 1912-இல் நிறுவ, அந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு எட்வின் ஹப்பிள் 1923-இல் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவுக்குள்ளேயே அத்தகைய நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் முதலில் கணக்கிட்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு; ஆகவே அது நம் கூட்டத்துக்கு வெளியே உள்ள மற்றொரு கூட்டமே என்பது தெளிவாயிற்று. இன்றைய கணக்கு 25 லட்சம் ஒளியாண்டு. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படி ஓராண்டு முழுதும் ஓடிக் கடக்கும் தூரமான 9.46 லட்சம் கோடி கிலோமீட்டரே ஓர் ஒளியாண்டு. பேத்தியின் கண்ணில் அன்று விழுந்த ஒளி, மனித இனம் தோன்றுவதற்கு வெகு முன்பே அங்கிருந்து புறப்பட்டது.

ஆனால் அன்று நான் அவளை அழைத்துப் போனது ஆண்ட்ரோமெடாவுக்காக அல்ல. அதைக் காட்டிவிட்டு, அவளைத் தோளைப் பிடித்துத் தென்மேற்காகத் திருப்பினேன். அங்கே அடிவானத்துக்குச் சற்று மேலே ஃபோமல்ஹாட் என்ற நட்சத்திரம் துணையின்றித் தனியாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக, கண்ணுக்கு ஏதும் புலப்படாத ஒரு வெற்றிடம். சிற்பி என்று வானசாஸ்திரிகள் பெயரிட்ட நட்சத்திரத் தொகுதியின் பகுதி அது. அந்த வெற்றிடத்தில்தான், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நம் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் உலகுக்கு அறிவித்த அலக்நந்தா என்ற நட்சத்திர மண்டலம் இருக்கிறது.

கண்டுபிடித்தவர்கள் ராஷி ஜெயின், யோகேஷ் வடதேகர் என்போர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்ததும் புனே நகரில் இயங்குவதுமான தேசிய வானொலி வானியற்பியல் மையத்தில் பணிபுரிகிறவர்கள். ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த படங்களில் சுமார் 70,000 ஒளிப்பொட்டுகளை ஆராய்ந்துகொண்டு வருகையில், அவற்றுள் ஒன்று மட்டும், நடுவே பிரகாசமான உப்பலும், அதன் இரு புறமும் ஒன்றுக்கொன்று ஈடாக விரிந்து வளையும் இரண்டு கைகளும் கொண்டு, பாடப்புத்தகத்துச் சித்திரம்போல் அமைந்திருப்பதைக் கண்டார்கள். இமயத்தில் கேதாரத்திலிருந்து வரும் மந்தாகினி ருத்ரப்பிரயாகையில் வந்து கலக்கும் நதி அலக்நந்தா. ஹிந்தியில் மந்தாகினி என்பது நம் நட்சத்திர மண்டலத்துக்கு வழங்கும் பெயர். ஆகவே நம்முடையதை ஒத்த தொலைதூர மண்டலத்துக்கு அதன் சகோதரி நதியின் பெயரைச் சூட்டினார்கள். புதுக்கோட்டைக்காரனாகிய எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ஆகாசகங்கைக்குத் தமிழில் வானதி என்று பெயர். கல்கி தம் ‘பொன்னியின் செல்வ’னில் கொடும்பாளூர் இளவரசிக்கு இட்ட பெயர் அதுதான். அதே கதையின் ஊமை ராணிக்கு இட்ட பெயரோ மந்தாகினி. அந்த உறவுமுறைப்படி, அலக்நந்தா எங்கள் வானதிக்கும் சகோதரியாகிறாள்.

வானதியும் அன்று வானத்தில் இருந்தாள். ஆனால் மெலிந்த கோலத்தில். வடமேற்கிலிருந்து மேலே ஏறித் தென்கிழக்கில் இறங்கிய அந்த மங்கிய வெண்பட்டையை, இதுவா ஆகாசகங்கை என்று பேத்தி சற்று ஏமாற்றத்துடன்தான் பார்த்தாள். தை மாதத்து மாலையில் நாம் நம் மண்டலத்தின் வெளிவிளிம்பை நோக்கிக்கொண்டிருக்கிறோம். விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் இடையே உள்ள அதன் மையத்தை நோக்க வேண்டுமானால் ஆனி, ஆடி இரவுகளுக்குக் காத்திருக்க வேண்டும். நம் மண்டலத்தின் உருவத்தை விளக்க ஆப்பத்தைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. நடுவில் உப்பல்; சுற்றிலும் மெல்லிய, பரந்த தட்டு. அந்தத் தட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமும், அதில் நூற்றில் ஒரு பங்கு கனமும் உடையது. பதினாயிரம் கோடிக்குக் குறையாத நட்சத்திரங்கள் அதில் உள்ளன. மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி நம் சூரியன், ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 23 கோடி ஆண்டு எடுத்துக்கொண்டு, சுழன்றுவருகிறான். ஆப்பத்துக்குள்ளேயே ஓரத்தில் உட்கார்ந்து அதை விளிம்புவாட்டில் பார்ப்பதனால்தான் நமக்கு அது ஒரு பட்டையாகத் தெரிகிறது. மேலிருந்து பார்க்கக் கூடுமானால் சுருள் கைகள் தெரியும். அத்தகைய சுருளை முதன்முதலில் வேறொரு மண்டலத்தில் கண்டவர் அயர்லாந்துப் பிரபு ராஸ்; ஆண்டு 1845.

அலக்நந்தாவின் தட்டு நம்முடையதைவிடச் சிறியது. குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டு. அதன் நட்சத்திரங்கள் அனைத்தையும் திரட்டி நிறுத்தால் ஆயிரம் கோடிச் சூரியன்களின் எடைக்குச் சற்று மேலே வரும். ஆண்டுதோறும் சுமார் 60 சூரியன்களுக்கு ஈடான வாயு அங்கே நட்சத்திரங்களாக மாறிக்கொண்டிருந்தது. இன்று நம் மண்டலத்தில் நிகழ்வதைப் போல் இது ஏறத்தாழ இருபது மடங்கு. சுருள் கைகளின் நெடுகிலும் சரத்தில் கோத்த மணிகள்போல் பிரகாசமான முடிச்சுகள் தெரிகின்றன. அவை நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கும் இடங்கள். ‘மாறிக்கொண்டிருந்தது’ என்று இறந்த காலத்திலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நமக்குக் கிடைத்திருக்கும் சித்திரம் சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பிரபஞ்சம் தோன்றி இன்றைக்கு 1,380 கோடி ஆண்டு ஆகிறது. அது தோன்றி வெறும் 150 கோடி ஆண்டு ஆனபோது இருந்த நிலையிலேயே அலக்நந்தாவை நாம் காண்கிறோம். நம் சூரியனுக்கு வயது 460 கோடி. அந்த ஒளி புறப்பட்டு, தன் யாத்திரையில் பாதிக்கு மேல் கடந்து முடித்த பிறகுதான் சூரியனே பிறந்தான்; பூமியும், அதன் பாறைகளும், அப்பாறையைக் குடைந்து கோயில் கண்டவர்களும் அதற்கும் பின்னே வந்தவர்கள்.

இத்தனை தூரத்தில் உள்ளதன் தோற்றம் எவ்வளவு சிறியதாயிருக்கும்? சமஸ்தான காலத்து அம்மன் காசைப் போல ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு காசு ஒன்றை, நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒருவர் உயர்த்திப் பிடித்தால் எவ்வளவு தோன்றுமோ, ஏறக்குறைய அவ்வளவு. அந்தக் காசின் முத்திரையைப் படிப்பதற்கு ஒப்பான வேலையைத்தான் வெப் தொலைநோக்கி செய்திருக்கிறது. 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிலைகொண்டிருக்கும் அதன் ஆடி, பொன்முலாம் பூசிய பதினெட்டு அறுகோணத் தகடுகள் சேர்ந்து, 6.5 மீட்டர் அகலமுள்ளது. நம் ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். அளவு மட்டுமல்ல விஷயம். பூமியின் காற்றும் வெப்பமும் மறைத்துவிடும் அகச்சிவப்பு ஒளியை அங்கே தடையின்றிப் பிடிக்கலாம்.

அகச்சிவப்பு எதற்கு? சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு நாடாவை அறுத்து, அதன்மேல் சுண்ணாம்பால் அலைகோடு ஒன்றை வரைந்து, இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். முகட்டுக்கும் முகட்டுக்கும் உள்ள இடைவெளி நாடாவோடு கூடவே நீளும். பிரபஞ்சம் விரிந்துகொண்டேயிருப்பதால், அதில் பயணம் செய்யும் ஒளியின் அலைகளும் அவ்வாறே நீள்கின்றன. நீளம் குறைந்தது நீலம், கூடியது சிவப்பு என்பதால் இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். அலக்நந்தாவின் ஒளியலைகள் புறப்பட்டபோது இருந்ததைப்போல் சுமார் ஐந்து மடங்கு நீண்டுவிட்டன; இளநட்சத்திரங்களின் நீல ஒளி, சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகவே இங்கே வந்து சேர்கிறது. இதிலிருந்து ஒரு நுட்பமும் தொடர்கிறது. ஒளி வந்துசேர 1,200 கோடி ஆண்டு ஆயிற்றென்பதால் அலக்நந்தா இன்றைக்கு 1,200 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாகக் கொள்ளலாகாது. ஒளி நடந்துகொண்டிருக்கையிலேயே பாதை நீண்டுகொண்டிருந்தது. இன்றைய தூரம் ஏறத்தாழ 2,400 கோடி ஒளியாண்டு.

செம்பெயர்ச்சியை அளந்த விதமும் அறியத்தக்கது. வெவ்வேறு அலைநீளங்களை மட்டும் விடும் நிறவடிகட்டிகள் இருபத்தொன்றின் வழியாக, நம் வீடுகளில் மாவைப் பல கண்ணளவுச் சல்லடைகளில் சலிப்பதுபோல், அலக்நந்தாவின் ஒளியைச் சலித்துப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் வாயு குறிப்பிட்ட ஓர் அலைநீளத்துக்குக் கீழ்ப்பட்ட ஒளியை விழுங்கிவிடும். எந்தச் சல்லடையில் தொடங்கி மண்டலம் மறைந்துபோகிறது என்பதைக் கொண்டு, ஒளி எத்தனை மடங்கு நீண்டது என்று அனுமானித்துவிடலாம். எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி மிஞ்சியது என்பதே நட்சத்திரங்களின் எடைக்கும் வயதுக்கும் பிரமாணமாகிறது.

இதில் இயற்கையும் ஒரு கைகொடுத்தது. அலக்நந்தாவுக்கும் நமக்கும் இடையே, ஏபல் 2744 என்று எண்ணிடப்பட்டு, பண்டோரா என்று வழங்கும் மாபெரும் மண்டலக் கொத்து இருக்கிறது. அதன் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடிபோல் குவிக்கிறது. பொருளின் எடை ஒளியை வளைக்கும் என்று ஐன்ஸ்டைன் கண்ட சித்தாந்தத்தின் பலனாக, அலக்நந்தா சுமார் இரு மடங்கு பிரகாசமாக நமக்குத் தெரிகிறது.

இனி, இந்தக் கண்டுபிடிப்பில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். சுருள் மண்டலத்தின் கைகள், பம்பரத்தில் தீட்டிய கோடுகளைப்போல் நட்சத்திரங்களோடு ஒட்டிக்கொண்டு சுழல்வன அல்ல. அப்படியானால், மையத்தை ஒட்டியவை விரைவாகவும் விளிம்பில் உள்ளவை தாமதமாகவும் சுற்றிவருவதால், சில சுற்றுகளுக்குள் கைகள் முறுக்குப் பிழிந்தாற்போல் நெருங்கச் சுற்றிக்கொண்டு, பின்பு இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோகும். இந்தச் சிக்கலுக்கு 1964-இல் லின், ஷூ என்ற இருவர் வகுத்த விடையை, பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேரோட்டத்தைக் கண்டவர் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். தேர் மெள்ள நகர்கிறது. பின்னாலிருந்து வருகிற ஜனங்கள் தேரண்டை வந்ததும் நெருக்குண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக் காட்டி, ஒருவாறு முன்னே கசிந்து வெளியேறிப் போய்விடுகிறார்கள். மலைமேலிருந்து பார்ப்பவனுக்கு நெரிசல் ஒன்றுதான், அது தேரோடு மெள்ளப் போகிறது; ஆனால் அதில் உள்ள ஆட்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் வேறு. சுருள் கை என்பது அவ்விதமான ஒரு நெரிசல். நட்சத்திரங்களும் வாயுவும் அதற்குள் புகுந்து வெளியேறுகின்றன. புகுந்த வாயு நெருக்குண்டு புது நட்சத்திரங்களாகத் திரள்கிறது. அவற்றுள் பருத்து நீலமாய்ச் சுடர்விடுபவை, நெரிசலைவிட்டு வெகுதூரம் போவதற்குள்ளேயே எரிந்து முடிந்துவிடுகின்றன. கைகள் மட்டும் பிரகாசமாய்த் துலங்குவதற்குக் காரணம் இதுதான்.

தேரோட்டம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் வீதி சமனாக இருக்க வேண்டுமல்லவா? அதைப்போல, கைகள் உருவாவதற்கு மண்டலம் முதலில் அடங்கி, தட்டையாகி, ஒரே திக்கில் சுழலும் தட்டாக வேண்டும். ஆதிப் பிரபஞ்சமோ அமளிமிக்கது. மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதி, வாயு கொந்தளித்து, கட்டியும் முட்டியுமாய், உருவமற்றே இருந்திருக்கும். அடங்கி ஒழுங்குபெறப் பல நூறு கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்றே வானசாஸ்திரிகள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அலக்நந்தாவோ பிரபஞ்சம் தோன்றிய 150 கோடி ஆண்டுக்குள் ஆயிரம் கோடிச் சூரியன் எடையைச் சேர்த்து, தட்டாகி, இரு கைகளும் கொண்டுவிட்டது. அதன் நட்சத்திரங்களில் ஏறத்தாழ பாதி, சுமார் 20 கோடி ஆண்டு கால அளவில் உண்டானவை. நம் சூரியன் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவர எடுக்கும் காலத்துக்கும் குறைவான காலம் அது! ஒழுங்கு என்பது நாம் நினைத்திருந்ததைவிட எவ்வளவோ சீக்கிரத்தில் கைகூடியிருக்கிறது. இந்த ஒரு செய்தியே, என் மனத்தைக் கேட்டால், ஆகாயத்தை நிமிர்ந்து பார்க்கப் போதுமான காரணம்.

அலக்நந்தா ஒன்றுமட்டும் இவ்விதம் காணப்பட்டிருந்தால் அதை ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2021-இல் சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கிக் கூட்டம் இதனினும் சற்று முற்பட்ட ஒரு மண்டலத்தில் சுருளின் சாயலைக் கண்டது. 2025-இல், தீபமேந்திய நாகமென்று சீனப் புராணம் சொல்லும் ஜூலாங்கின் பெயரால், பிரபஞ்சத்துக்குச் சுமார் 100 கோடி வயதானபோதே இருந்த மற்றொரு சுருள் மண்டலம் அறிவிக்கப்பட்டது. ஆகவே மாற வேண்டியது நம் கணக்குத்தான். எவ்வாறு மாற்றுவது என்பதில் இன்னும் முடிவு ஏற்படவில்லை. குளிர்ந்த வாயு சுற்றிலுமிருந்து சீராக வந்து வார்க்கப்பட்டதனால் தட்டு நிலைத்து, அதில் தானாகவே நெரிசலலை எழுந்திருக்கலாம். அல்லது சிறிய மண்டலம் ஒன்று அருகே கடந்துபோகையில் தன் ஈர்ப்பால் இழுத்துக் கைகளை எழுப்பியிருக்கலாம். பின்னது வாஸ்தவமானால் அந்தக் கைகள் வெகுகாலம் நீடித்திருக்கமாட்டா. தட்டின் வாயு சீராகச் சுழல்கிறதா, கொந்தளிக்கிறதா என்று வெப்பின் நிறமாலைக் கருவியாலோ அல்மாவாலோ அளந்தால் எது சரியென்று தெரிந்துவிடும். கண்டுபிடித்தவர்கள் அடுத்து வேண்டுவது அந்த அளவையே.

“அங்கேருந்து யாராச்சும் இப்ப இந்தப் பக்கம் பாத்தா நம்ம தெரிவோமா தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். அங்கேயும் வெப்பைப்போல் ஒரு கருவி இருந்தால், கைகள் வளர்ந்தும் வளராமலும் இருக்கும் குழந்தை வானதியைக் காண்பார்கள் என்றேன். “சூரியன்?” இராது. “நார்த்தாமலை?” அதுவும் இராது. அவள் சிறிது நேரம் பேசாமல், அடிப்பாறையின் வெடிப்பில் மழைநீர் தேங்கிய சுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு நட்சத்திரங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “அலக்நந்தா இப்ப எப்படி இருக்கும்?” என்று மறுபடி கேட்டாள். கைகள் இன்னும் இருக்கலாம். பெரிய மண்டலம் ஒன்றோடு மோதிக் கலந்து, சுருள் அழிந்து, முட்டை வடிவமாய் ஓய்ந்தும் போயிருக்கலாம். இன்றைக்கு அங்கிருந்து புறப்படும் ஒளி பூமிக்கு வருவதற்கே வழியில்லை, நடுவில் உள்ள பாதை அவ்வளவு விரைவாக நீண்டுகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

ஒன்பது மணிக்கு ஃபோமல்ஹாட் மறைந்தது. அலக்நந்தா இருக்கும் வெற்றிடம் அது போன திசையிலேயே சரிந்துகொண்டிருந்தது. அதுவும் மறைய இன்னும் ஒரு மணிக்கு மேல் ஆகும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தோம். பாறை அப்போது குளிர்ந்துவிட்டிருந்தது.